வாட்ச்மேனிடம் கேட்கக் கூசிய கேள்வி

ரயில்வேயில் வேலை பார்க்கும் என் கணவர், குடியை நிறுத்த உதவும் கூட்டத்துக்கு வர ஒருவழியாகச் சம்மதித்தார். ஸ்ரீரங்கத்தில் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களே என்று, திருச்சி கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஞாயிறு மாலை நடக்கும் கூட்டத்துக்குக் கிளம்பினோம்.

காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. அவர் காலை ஆட்டிக்கொண்டே இருந்தார். மனம் மாறிவிடுவாரோ என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பள்ளி வாசலில் போர்டு எதுவும் இல்லை. விஷயத்தைச் சொல்லக் கூசி, வாட்ச்மேனிடம், "டியூஷன் எங்க நடக்குது?" என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை ஏதும்மா டியூஷன்?"

"பாத்தியா, நான் வந்துட்டேன். இங்கதான் ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு, என் கணவர் விறுவிறுவென ரோட்டில் இறங்கினார். எதிர்ப்பக்கம் ஒயின்ஷாப்.

பஸ் ஸ்டாப்பில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்க்க, "குடியை நிறுத்துறவங்க மீட்டிங் எங்கங்க?" என்று வாட்ச்மேனிடம் கத்திவிட்டேன்.

"அதையே முதல்ல கேட்டிருக்கலாமேம்மா. பின்பக்க ரூம். டீ குடுத்துட்டு இருக்காங்க, அவரைக் கூட்டிட்டுப் போங்க."

நடுரோட்டில் நின்றுவிட்ட என் கணவர், தலையைக் குனிந்தபடி திரும்பி வந்தார்.

இன்றும் ஞாயிறு வந்தால் எனக்குப் பதற்றம்தான். ஆனால் எங்கே போகிறோம் என்று யார் கேட்டாலும், என் கணவரின் சம்மதத்தோடு, மறைக்காமல் சொல்கிறேன். போன வாரம் எதிர்வீட்டு அம்மாவிடமும் சொன்னேன். அந்த அம்மா தன் வீட்டுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டு என்னருகே வந்து கேட்டார்:

"அங்க எந்த பஸ்ஸுல போகணும்?"