மூன்று நிமிடம் கை படாவிட்டால்

இது நிஜமாகவே நடந்தது. என்னைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள். அதற்கு நான் இதுவரை அவிழ்த்துவிட்ட கதைகள்தான் காரணம், இந்தச் சம்பவம் அல்ல.

கல்லூரியில் கடைசி வருடம். என் புராஜெக்டை இரண்டு முறை திருப்பியனுப்பிய பேராசிரியர், மூன்றாவது முறையும் சொதப்பினால் அடுத்த வருடம் ஜூனியர்களோடு உட்கார்ந்து படிக்கலாம் என்று அன்பாகச் சொல்லியிருந்தார். அதையே அப்பா அன்பில்லாமல் சொன்னார்.

புராஜெக்ட் இதுதான். ஊர் நூலகத்தில் குப்பைக்குப் போகவிருந்த ஐந்து கிழட்டுக் கம்ப்யூட்டர்களில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் குட்டி வடிவத்தை ஓட்டி, வாசகர்கள் இணையம் பார்க்க வைப்பது. பென் டிரைவிலிருந்தே ஓடும். பிரவுசரைத் தவிர எதுவும் திறக்காது. கீபோர்டிலும் மவுஸிலும் மூன்று நிமிடம் கை படாவிட்டால், ஆள் எழுந்து போய்விட்டார் என்று அதுவே முடிவுகட்டும். பார்த்ததையெல்லாம் அழித்துவிட்டு நூலகத்தின் முகப்புப் பக்கத்துக்குத் திரும்பிவிடும். அடுத்து உட்காருபவர் முந்தையவரின் மெயிலைப் படித்துச் சிரிக்க முடியாது.

திங்கட்கிழமை காலை பேராசிரியர் சோதிக்கப்போவது இதைத்தான்.

ஞாயிறு மதியம், நூலகத்துக்கு விடுமுறை. எனக்காகக் கதவைத் திறந்துவிட்டவர் அங்கே வேலை பார்க்கும் முத்திரை அண்ணன். புத்தகத்தில் தேதி முத்திரையைக் கரப்பான்பூச்சி அடிப்பதுபோல் அடிப்பார், அதனால் அந்தப் பெயர். தினமும் மூடும் நேரத்தில் ஒவ்வொரு மேஜையாகப் போய், விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டி, "நேரமாச்சுங்க" என்பார். அதற்கு மட்டும் பூப்போல் தட்டுவார்.

டீ குடிக்கக் கிளம்பினார். "வெளியே பூட்டிக்கிறேன் தம்பி. தொறந்து வெச்சா யாராவது வந்து புத்தகம் கேப்பாங்க."

பூட்டு விழுந்தது. நான் மட்டும்.

ஐந்திலும் ஒரு செய்திப் பக்கத்தைத் திறந்தேன். நின்றபடியே ஐந்தையும் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். மூன்று நிமிடம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு... வரிசையாக முகப்புக்குத் திரும்பின. ஐந்தாவது திரும்பவில்லை.

என் கைதான் தவறியிருக்கும். மறுபடி செய்தேன். மறுபடியும் அதேதான்.

ஐந்தாவதன் பென் டிரைவைப் பிடுங்கி முதல் கம்ப்யூட்டரில் செருகினேன். அங்கே சமர்த்தாக வேலை செய்தது. முதலாவதன் பென் டிரைவ் ஐந்தாவதற்கு வந்ததும் அடம்பிடித்தது. சில மவுஸ்கள் தானாக நடுங்கும். அந்த நடுக்கத்தைக் கை என்று லினக்ஸ் நினைத்துக்கொள்ளும். மவுஸைக் கழற்றினேன்.

மூன்று நிமிடம். இல்லை.

கீபோர்டையும் கழற்றினேன். இப்போது தொடுவதற்கு அந்த மேஜையில் ஒன்றுமே இல்லை.

மூன்று நிமிடம். நான்கு...

திரை அப்படியே இருந்தது. இல்லை, அப்படியே இல்லை. தலைப்புச் செய்தியில்தான் விட்டிருந்தேன். இப்போது வானிலை தெரிந்தது.

பக்கம் கீழே நகர்ந்திருந்தது.

அப்போதுதான் நாற்காலிகளைக் கவனித்தேன். ஐந்தும் ரெக்சின் மெத்தை போட்டவை. நான்கு உப்பியிருந்தன.

ஐந்தாவது... அமுங்கியிருந்தது.

நான் எதிலும் உட்காரவே இல்லை.

பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. நிதானமாக. படித்து முடித்துவிட்டு நகர்த்துவதுபோல.

க்ளிக்.

பூட்டுதான். முத்திரை அண்ணன். என் முகத்தில் என்ன இருந்ததோ, டீ கிளாஸை வைத்துவிட்டு வந்தார். அஞ்சாவது மட்டும் முகப்புக்குத் திரும்ப மாட்டேங்குது என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. திரையைப் பார்க்கவும் இல்லை.

மேஜையில் இரண்டு தட்டு. பூப்போல்.

"நேரமாச்சுங்க ஐயா."

உஸ்ஸ்ஸ்...

மெத்தை மெல்ல உப்பியது.

திரை ஒருமுறை சிமிட்டி முகப்புக்குத் திரும்பியது.

மறுநாள் பேராசிரியர் நேராக ஐந்தாவதை நோக்கித்தான் நடந்தார். "அது மெத்தை கிழிஞ்சிருக்கு சார், இங்க உக்காருங்க" என்று முத்திரை அண்ணன் முதலாவதைக் காட்டினார். கிழிசல் எதுவும் இல்லை. நான்கு கம்ப்யூட்டர்களும் சொன்னபடி கேட்டன. பாஸ். 'ஒருவழியாக' என்று மட்டும் பேராசிரியர் சொன்னார்.

அவர் போனதும் கேட்டேன். முத்திரை அண்ணன் தேதி அடித்தபடியே சொன்னார். தினமும் வந்து அதே இடத்தில் செய்தி படிக்கும் பெரியவர் ஒருவர் இருந்தாராம். ஒருநாள் மூடும்போது இவர் போய்த் தட்டியிருக்கிறார். திரை அணைந்தது. பெரியவர் எழுந்திருக்கவில்லை. காலையிலேயே உயிர் போயிருக்கிறது என்றாராம் டாக்டர்.

"சாயங்காலம் வரைக்கும் யாரும் கவனிக்கலையா அண்ணே?"

முத்திரை அடிப்பது நின்றது.

"அப்போ அதுல இருந்த பழைய செட்டிங்லயும் பத்து நிமிஷம் கை படலன்னா திரை அணைஞ்சிடும் தம்பி. அன்னைக்கு அணையவே இல்ல. நானே ரெண்டு தடவ அவர் பின்னாடி போனேன். பக்கம் நகர்ந்துக்கிட்டுதான் இருந்துச்சு."