நரி போட்டிருந்த பூட்ஸ்

ஆம்பூரில் ஏற்றுமதிக்கு ஷூ செய்யும் ஒரு கம்பெனியின் சாம்பிள் அறையில் வேலை பார்க்கிறேன். அடுத்த சீசனுக்கு வரப்போகும் மாடல்களை அளவெடுத்து வரைவது என் வேலை. அந்த அறைக்குள் செல்போன் வரக் கூடாது. தோல் துண்டு, அட்டை, வரைபடம் எதுவும் வெளியே போகக் கூடாது. போன வருஷம் ஒருவர் ஒரு லேடீஸ் செருப்பைப் படமெடுத்துத் தன் மச்சானுக்கு அனுப்பினார். மறுநாளிலிருந்து அவர் வேலைக்கு வரவில்லை. ஏனென்று யாரும் கேட்கவில்லை.

சர்ச்சில் ஞாயிறு பள்ளிச் சுவரில் ஒட்ட ஒரு படக்கதை வேண்டும் என்று அக்கா மகள் கேட்டிருந்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என் மேஜையிலேயே கொஞ்சம் கொஞ்சமாக வரைந்தேன். கதாநாயகன் ஓர் உளவாளி ஆடு. ஒட்டு மீசை வைத்துக்கொண்டு திரியும். ரகசியக் கடிதத்தைப் படித்ததும் தின்றுவிடும். பசி ஜாஸ்தியானால் படிப்பதற்கு முன்பே. எங்கள் ஊர் பிரியாணி அண்டாவைக் கடத்த ஒரு நரி வருகிறது. ஆடு அதைப் பிடிக்க வேண்டும்.

கதை முடிந்த அன்று சாயங்காலம், கேட்டில் பெண்களின் பைகளைச் சோதிக்கும் அக்கா தாள்களை உருவினார்.

"இன்னா பாப்பா இது, ஆட்டுக்கு மீசை?"

"பசங்களுக்குக்கா. படக்கதை."

இரண்டு பக்கம் படித்துச் சிரித்தார். பிறகு தாள்களை அடுக்கி என் கையிலேயே கொடுத்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா டிராயிங்னா மேல மேனேஜர் கிட்ட காட்டிட்டுதான் போவணும். உனக்குத் தெரியாதா?"

தெரியும். பயமில்லாமல்தான் மாடி ஏறினேன். பாதிப் படியில் கடைசிப் பக்கத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். நரியின் காலில் பூட்ஸ். குறுக்கே இரண்டு வார், குதிகாலில் சரிந்த தையல், பக்கவாட்டில் சின்ன பக்கிள். அந்த வாரம் முழுக்க என் மேஜையில் இருந்த சாம்பிள். எங்களிடம் ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர் இன்னும் கண்ணால்கூடப் பார்க்காதது.

கிழித்துவிடலாம். ஆனால் கீழே அந்த அக்கா தாள்களைப் பார்த்துவிட்டார். மாடியில் கேமரா இருக்கிறது. ஏறினேன்.

மேனேஜர் முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ஆடு எதுக்கும்மா பிரியாணி அண்டாவக் காப்பாத்துது?"

"அக்கா பொண்ணும் அதத்தான் சார் கேட்டா."

கடைசிப் பக்கத்துக்கு வந்தார். எழுந்து போய் சாம்பிளை எடுத்துவந்து தாளின் பக்கத்தில் வைத்தார்.

"இத நரிக்கு யார் குடுத்தது?"

"யாரும் குடுக்கல சார். கை தானா போட்டுடுச்சு."

"பையர் கிட்ட அப்படிச் சொல்லவா? நரி காலுக்குக் கை தானா போட்டுடுச்சுன்னு?" தாளை இரண்டாகக் கிழித்தார். "பேஜார் புடிச்ச வேலை. வேற தாள்ல வேற ஷூ போடு. இங்கயே, என் முன்னாடி."

வரைந்தேன்.

"இந்த மாடல் இப்ப கீழ ரெண்டாவது லைன்ல ஓடுது."

இன்னொன்று.

"இது பையர் ரிஜெக்ட் பண்ணது. மறந்துட்டியா?"

நரியை நான் நேரில் பார்த்ததே இல்லை. அதை ஒரு நிமிஷத்தில் இட்டுக்கட்டிவிட்டேன். ஆனால் ஒரு ஷூவை இட்டுக்கட்ட முடியவில்லை. கையில் வந்ததெல்லாம் கம்பெனியுடையது. பென்சில் வழுக்கியது. உள்ளங்கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டேன். வெறுங்காலோடு விட்டால் நரி பயந்த நாய் போல இருந்தது.

கடைசியில் நரியின் காலில் இரண்டு பிளாஸ்டிக் கவரை மாட்டி, கணுக்காலில் முடிச்சுப் போட்டேன். மழை நாளில் பஸ் ஸ்டாண்டில் நாங்கள் கட்டிக்கொள்வது மாதிரி. நடந்தால் சரசரவென்று கேட்கும். ஆடு நரியைப் பிடிக்க அந்தச் சத்தமே போதும்.

மேனேஜர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எந்த சீசன் மாடலும் இல்ல" என்றார்.

"சார், நான் நாளைக்கு வரலாமா?"

"ஷூ முனைக்கு நீ வரையுற டோ பேட்டர்ன் பாதியில கிடக்குது. வராம? ஆனா இனிமே கேன்டீன்ல உக்காந்து வரை. சாம்பிள் பக்கத்துல வேணாம்."

ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். கேட்டில் அக்கா அதைப் பார்த்துவிட்டு வழிவிட்டார். ஞாயிறு பள்ளிச் சுவரில் கதை அந்தக் கையெழுத்தோடுதான் ஒட்டப்பட்டது. அது ஆட்டின் கையெழுத்து என்று பிள்ளைகள் நம்பினார்கள்.