எம்புள்ள பூட்ச்சி சார்

"அது எம்புள்ள இல்ல நைனா, இம்பெல்லர்."

அன்று பஸ்ஸில் நான் சொல்லாமல் விட்டது இதைத்தான்.

ஜன்னல் வழியே உப்புக்காற்று. பக்கத்தில் நைனா. துவைத்து இஸ்திரி போட்ட சட்டைதான், ஆனாலும் அதிலிருந்து மண்ணெண்ணெய் வாசனை வந்துகொண்டே இருந்தது... என் மடியில் படகு எஞ்சினின் ஆங்கிலக் கையேடு. நான் படத்தைக் காட்டிப் பெயரைப் படிக்க, அவர் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தார்.

சதுரங்கப்பட்டினத்திலிருந்து முட்டுக்காட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். அங்கே ஒரு தனியார் படகுத் துறையில் மெக்கானிக் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். நைனாவுக்குக் கையெழுத்துப் போட வரும், அதற்கு மேல் எழுத வராது. பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்த நான் விண்ணப்பம் நிரப்பக் கூடப் போனேன்.

அந்த வேலை அவருக்கு ரொம்ப வேண்டியிருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளித்தால் படகுகள் கரையேறிவிடும், பழுது பார்க்க எஞ்சினே இருக்காது. அந்த மாதங்களில் மாமல்லபுரத்தில் ஒரு கல் பட்டறையில் சிலைகளுக்குத் தேய்ப்பு வேலை செய்வார். கல் தூசியால் வந்த இருமல் தை பிறந்தும் அவருக்கு நிற்காது.

நைனாவுக்கு எஞ்சின் வேலையை யாரும் சொல்லித் தரவில்லை. செங்கல்பட்டுப் பக்கத்தில், தாத்தா கூலிக்கு உழுத நிலத்தில், தண்ணீர் இறைக்க ஒரு ஆயில் எஞ்சின் இருந்தது. கூலிக்காரர்கள் அது இருந்த கொட்டகைக்குள் நுழையக் கூடாது. கரண்ட் மோட்டார் வந்ததும் நிலத்துக்காரர் எஞ்சினைத் தூக்கி வெளியே போட்டார். பதினேழு வயது நைனா அதைக் கேட்டு வாங்கி, மாட்டு வண்டியில் ஏற்றி வந்து, வாசலில் பிரித்துப் பரப்பிவிட்டார்.

"கெணறும் இல்ல, நெலமும் இல்ல. நம்பளுக்கு இன்னாத்துக்குடா இது?" என்றாராம் தாத்தா.

"ஓடுதா பாக்கலாம்."

எட்டு மாதம் கழித்து ஓடியது. இறைக்கத் தண்ணீர் இல்லாமல், டீசல் தீரும்வரை சும்மாவே ஓடியது. தாத்தா அன்று வேலைக்குப் போகாமல் அதன் எதிரே உட்கார்ந்திருந்தாராம்.

அம்மாவின் ஊர் சதுரங்கப்பட்டினம். கல்யாணத்துக்குப் பிறகு நைனா இங்கே வந்து படகு எஞ்சின்களுக்கு மாறினார். வேலையைப் போலவே பெயர்களையும் காதால்தான் பிடித்தார். எஞ்சினுக்குள் தண்ணீரை இழுத்துச் சூட்டைத் தணிக்கும் சின்ன ரப்பர் சக்கரம்தான் இம்பெல்லர். நைனா வாயில் அது 'எம்புள்ள' ஆனது. பிறகு கரை முழுக்க அதுவே பெயர். "எம்புள்ள தேஞ்சிபோச்சி அண்ணாத்த, வேற போடு" என்று வருவார்கள்.

சின்ன வயதில், நைனா எஞ்சினுக்குள் என்னைத்தான் வைத்திருக்கிறார் என்று நம்பினேன்... ஒன்பதாம் வகுப்பில் கையேட்டைப் படித்தபோதுதான் தெரிந்தது. சொல்ல மனம் வரவில்லை. பஸ்ஸிலும் அந்தப் பக்கம் வந்ததும் இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டேன்.

படகுத் துறையின் மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர், புதிதாக வந்தவர். ஒரு படகை ஓடவிட்டு, என்ன கோளாறு என்று கண்டுபிடிக்கச் சொன்னார். எஞ்சின் பக்கவாட்டில் ஒரு துளை வழியே தண்ணீர் பீய்ச்சும். எங்கள் கரையில் அதற்கு 'ஒண்ணுக்கு' என்று பெயர். நைனா அதில் விரலை நீட்டிப் பார்த்தார். மேனேஜர் தலையைக் குனிந்து விண்ணப்பத்தில் குடும்ப விவரத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுக்கு சரியா போவல சார்."

"யாருக்குங்க?"

"எம்புள்ள பூட்ச்சி சார்."

மேனேஜர் பதறி நிமிர்ந்தார். "அடடா... எப்பங்க?"

"ஒரு மாசம் இருக்கும். மண்ணு ஏறிகீது. கவனிக்காம வுட்டுட்டானுங்க."

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலீங்களா?"

"ஆஸ்பத்திரியா? பத்து நிமிசம் சார், கயட்டிட்டு வேற போட்டுர்லாம்!"

படகு ஓட்டுபவர் ஒருவர் வெடித்துச் சிரித்தார். "சார், அண்ணாத்த இம்பெல்லர சொல்றாரு!" துறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

நைனா என் பக்கம் திரும்பினார். "இன்னாம்மா... அது இம்பெல்லரா?"

"ஆமா நைனா."

"உனுக்கு முன்னாடியே தெரியுமா?"

நான் காலடியில் இருந்த மரப்பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேலை என்னால் போய்விட்டது என்று தோன்றியது.

"தெரிஞ்சிகினே கம்முனு வந்துகிற பாரு... பலே ஆளுதான் நீ," என்று அவரும் சிரித்தார். பிறகு ஸ்பேனரை வாங்கி, எஞ்சினின் கீழ்ப்பகுதியைக் கழற்றி, ரப்பர் சக்கரத்தை மேனேஜர் உள்ளங்கையில் வைத்தார். அதில் மூன்று இறக்கைகள் இல்லை.

விண்ணப்பத்தில் 'படிப்பு' என்ற இடத்தில் நான் வெறும் கோடுதான் போட்டிருந்தேன். மேனேஜர் அந்தக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சொல்லி அனுப்புறோமுங்க," என்றார்.

திரும்பும்போது நைனா எனக்கு நுங்கு வாங்கிக் கொடுத்தார்.

இப்போது நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். அலுவலகத்தில் யாராவது ஒரு சொல்லைத் தவறாகச் சொன்னால் அந்த நிமிடமே யாராவது திருத்திவிடுகிறார்கள். நானும் திருத்தியிருக்கிறேன். நல்ல பழக்கம்தான்... ஆனால் அன்றைக்கு ஒரு துறையே சிரித்ததுபோல இங்கே யாரும் சிரித்து நான் கேட்டதில்லை.

அன்று நாங்கள் திரும்பி வந்து பத்து நாள் கழித்து படகுத் துறையிலிருந்து ஆள் வந்தது. சான்றிதழ் இல்லாததால் 'உதவியாளர்' என்று சேர்த்துக்கொண்டார்கள். மூன்று வருடம் கழித்து 'மெக்கானிக்' என்று மாற்றினார்கள். வேலைக்குச் சேர்ந்த வருட ஐப்பசியில் நைனா கல் பட்டறைக்குப் போகவில்லை.