பழைய இணையதளத்தை மூடச் சொன்னேன்

அரசுப் பணியில் இருந்தவரை, இருப்புப் பட்டியலைச் சரிபார்க்காமல் ஒரு நாற்காலியைக்கூட நான் பொறுப்பில் எடுத்ததில்லை. ஓய்வுக்குப் பின், எங்கள் ரத்ததானக் குழுவின் இணையதளத்தை, புதிதாக வந்த வெப்சைட் சேவை ஒன்றுக்கு மாற்றும் வேலையை நாகல் நகர் கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் கொடுத்தேன். ஒரே வாரத்தில் முகப்புப் பக்கத்தைக் காட்டினார்.

"எம்புட்டு அழகா இருக்கு பாருங்க சார்! பழசை மூடிரவா?"

"மூடிருங்க" என்று சொல்லி, வேலை முடிந்ததாகக் கையெழுத்தும் போட்டேன்.

மறுநாள் தாடிக்கொம்பிலிருந்து ஒருவர் போனில் பதறினார். பிரசவத்துக்குச் சேர்த்திருக்கும் மனைவிக்கு ஓ நெகட்டிவ் ரத்தம் வேண்டும். தளத்தில் ஒரு பெயரும் இல்லை. திறந்து பார்த்தேன். கொடையாளர் பட்டியல் இருக்கவேண்டிய இடத்தில், புதுச் சேவையோடு வந்த மாதிரிப் படத்தில் யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கடைக்காரரிடம் கொதித்தேன்.

"பட்டியலையும் மாத்தணும்னு நீங்க சொல்லலையே சார்! பழசை இன்னும் மூடலை. செத்த நேரம் பொறுங்க, எடுத்துத் தாரேன்."

ரத்ததானக் குழுவுக்கு ரத்தம் கொடுப்பவர் பெயர் வேண்டும் என்பதையும் தனியாகச் சொல்ல வேண்டுமாம்! ஆனாலும், அவர் எடுத்துத் தந்த பட்டியலில் இருந்த ஒருவர் வந்து ரத்தம் கொடுத்தார். பழசை மூடாமல் விட்ட கடைக்காரரின் சோம்பல்தான் அன்று அந்தத் தாயைக் காப்பாற்றியது. என் கையெழுத்து கொல்லப் பார்த்தது.

இப்போதெல்லாம் தளத்தில் எதை மாற்றினாலும், பழைய பட்டியலையும் புதியதையும் அருகருகே வைத்து, ஒவ்வொரு பெயருக்கும் டிக் போட்ட பிறகே பேனாவைத் தொடுகிறேன். முகப்புப் பக்கத்தைக் கடைசியில்தான் பார்க்கிறேன்.