கபடி டாக்டரின் முகம்

டாக்டர் ஜமால் இறந்த செய்தி வந்தபோது, அவருடைய சங்கரன்கோவில் கிளினிக்கில் நான் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தேன். நான் அங்கே நர்ஸ். கடையநல்லூரிலிருந்து அவர் மச்சான் பேசினார். "விடியக்காலைல சுபுஹு தொழுதுட்டு வந்து படுத்தாவ, மவுத்தாயிட்டாவ. மத்தியானம் லுஹர் தொழுகைக்கு அடக்கம். முகம் பாக்கணும்னா வெரசா வந்துருங்க சிஸ்டர்."

காத்திருந்தவர்களிடம் சொன்னேன். வேறு டாக்டர் வருவாரா என்று ஒருவர் கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் எல்லோரையும் வெளியே அனுப்பி ஷட்டரை இழுத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

புளியங்குடியில் பஸ் நின்றது நின்றதுதான். டிரைவர் டீ குடிக்கப் போய்விட்டார். என்னால் உட்கார முடியவில்லை. அதுவும் டாக்டரிடமிருந்து தொற்றிய பழக்கம். அவர் உட்கார்ந்து வைத்தியம் பார்த்து உங்களில் யாராவது கண்டதுண்டா? அவருடைய நாற்காலியில் மாத்திரைப் பெட்டிதான் உட்கார்ந்திருக்கும்.

ஊரில் பாதிப் பேருக்கு அவர் 'கபடி டாக்டர்'. கிளினிக் சுவரில் இருந்த சேறு பூசிய ஆட்டக்காரர்களின் படம் செய்த வேலை அது. படத்தில் இருந்தது கபடி இல்லை, ரக்பி. இந்தியா வெளிநாட்டு அணிகளோடு ரக்பி ஆடத் தொடங்கிய காலத்தில், ராணுவ மருத்துவம் படித்துக்கொண்டே அந்த அணியில் ஆடியவர் அவர். அவருடைய வலது காது நசுங்கிப்போனது அங்கேதான். முட்டை வடிவப் பந்துக்காக ஒருவர் மேல் ஒருவர் விழுந்து குவிவார்களாம். "மேல கெடக்கவன்தான் கத்துவான். அடியில மாட்டுனவனுக்குக் கத்த மூச்சு இருக்காதும்மா" என்பார்.

படிப்பு முடிந்ததும், ஆடிய சூட்டோடு கார்கில் போர்முனைக்கு அனுப்பிவிட்டார்கள். போரைப் பற்றிக் கேட்டால் ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொள்வார். ஒரே ஒரு முறை, "தூக்கிட்டு வந்ததுல கத்துன பயலுவ எல்லாம் பொழைச்சுக்கிட்டானுவ" என்றார். மீதியை நானும் கேட்கவில்லை.

மேலநீலிதநல்லூர் பக்கம், களையெடுக்கப் போன பெண்கள் வந்த லோடு ஆட்டோ கவிழ்ந்த நாள் பலருக்கு நினைவிருக்கும். எல்லோரையும் எங்கள் கிளினிக்குக்குத்தான் தூக்கி வந்தார்கள். கை ஒடிந்தவர்களின் கூச்சல் தெருமுனை வரை கேட்டது. டாக்டர் அவர்களைத் தாண்டி, படியில் சேலை மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தவளிடம் போனார்.

"எனக்கு ஒண்ணுமில்ல சார், அவளுவளப் பாருங்க."

அவளுக்கு வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. உடனே திருநெல்வேலிக்கு அனுப்பியதால் பிழைத்தாள். கை ஒடிந்த ஒருத்தியின் கணவன் டாக்டரை வாய்க்கு வந்தபடி ஏசினான். "ஏசட்டும். சத்தமில்லாதவனத்தான் மொதல்ல பாக்கணும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு அடுத்தவளிடம் போனார்.

கடையநல்லூர் வீட்டை நான் அடைந்தபோது, உடலைச் சுமக்கும் சந்தூக்கு வாசலுக்கு வந்திருந்தது. "ஓடியாங்க சிஸ்டர், மூடப்போறாவ" என்றார் மச்சான். பந்தலில் டாக்டரின் அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார்.

"பெரியவருக்கு என்னா தைரியம். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

வாசல் வரை போய்விட்ட நான், அதைக் கேட்டுப் பெரியவரிடம் திரும்பி வந்தேன். பெரியவரின் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. பிடித்துப் பார்த்தேன், கை சில்லென்று இருந்தது. நாடி தாறுமாறாக ஓடியது.

"பாய், நெஞ்சு வலிக்கா?"

"வலிக்கத்தான் செய்யுது. இன்னைக்குப் போயி எப்படிம்மா சொல்ல?"

கத்திக் கூப்பாடு போட்டு ஒரு காரை வரவழைத்தேன். அவரை ஏற்றிக்கொண்டு தென்காசிக்குக் கிளம்பியபோது, பின்னால் சந்தூக்கைத் தூக்கினார்கள். முகம் பார்க்கவில்லையே என்ற ஆத்திரத்தில் வழியெல்லாம் அழுதேன். இப்படிப் பழக்கிவிட்ட டாக்டரைத் தவிர வேறு யார் மேல் கோபப்பட?

பெரியவர் தேறிவிட்டார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்ததும் கேட்டார்: "அவன் முகத்தப் பாத்தியாம்மா?"

"இல்ல பாய்."

முகத்தை என் பக்கம் திருப்பினார். "அவனுக்கும் இதே மூஞ்சிதான். நல்லாப் பாத்துக்கோ."

பார்த்தேன். டாக்டரின் முகமாக நான் வைத்துக்கொண்டிருப்பது அதைத்தான். வலது காதை மட்டும் நானாக நசுக்கிக்கொள்கிறேன்.