நாற்பத்தெட்டுப் படி

ஹோட்டல் பிடிப்பதில் என்னை வெல்ல ஆளில்லை என்று ஒரு காலம் பெருமை பேசித் திரிந்தேன். எழுபது தாண்டிய புருசன் பெண்சாதி இரண்டு பேர் கனடாவிலிருந்து கொழும்புக்குப் போய்ப் பத்து நாள் நிற்பதென்றால் சும்மாவா? படத்தைப் பார்த்து ஏமாறுகிற ஆள் நான் இல்லை. நேரே ரெலிபோன் எடுத்துக் கேட்பேன். வாசலில் எத்தனை படி, லிப்ட் வேலை செய்கிறதா, குளிக்கிற இடத்தில் காலைத் தூக்கித் தாண்டவேண்டிய தொட்டி ஏதும் உண்டா, கட்டில் எவ்வளவு உயரம். வரவேற்பில் இருந்த பிள்ளை களைத்துப்போய், "அன்ரி, ஒருக்கா வந்து பாருங்களேன்" என்றாள்.

கடைசியில் வெள்ளவத்தையில், மரைன் டிரைவ் பக்கம் ஒன்று அகப்பட்டது. வாசலில் படியே இல்லை. ஜன்னலைத் திறந்தால் ரயில் தண்டவாளம், அதற்கப்பால் கடல். தோசைக் கடை, மருந்துக் கடை, கோயில் எல்லாம் நடக்கிற தூரம். இவருக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. இதைவிட நல்ல இடம் கொழும்பில் கிடையாது என்று மகளிடம் அடித்துச் சொன்னேன்.

ஆனால் நாங்கள் போனது கடல் பார்க்க இல்லை. கொட்டாஞ்சேனையில் என் அக்கா தனியாக இருந்தாள். எழுபத்தெட்டு வயது, பிள்ளைகள் இல்லை, அத்தானும் போய்விட்டார். எனக்கென்று அங்கே மிஞ்சியிருந்தது அவள் ஒருத்திதான். அவளுடைய பிளாட் மூன்றாம் மாடியில். லிப்ட் இல்லை, நாற்பத்தெட்டுப் படி. படுக்கிற அறை ஒன்றுதான். கழிப்பறை அறைக்குள் ஒன்று, குசினிப் பக்கம் ஒன்று; இரண்டும் குந்தியிருக்கிற பழைய வகை.

இன்னொன்றும் இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். வருகிற திகதியைச் சொன்னபோது அக்கா, "ஓம், வாங்கோ" என்றாள். அவ்வளவுதான். எங்கே நிற்கப் போகிறீர்கள் என்றும் கேட்கவில்லை, என்னோடு நில்லுங்கோ என்றும் சொல்லவில்லை. எனக்குச் சுருக்கென்றது. கூப்பிடாத வீட்டுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக எனக்கென்ன விசரா? ஆனால் எங்கள் ஆட்களுக்குள் கூடப்பிறந்தவளை யாரும் அழைப்பதில்லை. அழைத்தால் அது அந்நியம். வருவாள் என்று தெரிந்து இடத்தை ஒதுக்கி வைப்பார்கள், அவ்வளவுதான். இது எனக்குத் தெரியாததா? முப்பது வருடம் கனடாவில் இருந்ததில் மறந்து தொலைத்துவிட்டேன்.

வந்து இறங்கிய பிறகு, ஹோட்டலில் இருந்துதான் சொன்னேன்.

"அக்கா, நாங்கள் வெள்ளவத்தையில ஒரு ஹோட்டல்ல நிக்கிறம்."

அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"லிப்ட் இருக்கோ?"

"ஓம்."

"அப்ப நல்லது. அவருக்குச் சுகம்."

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் காலையில் வாகனம் பிடித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். காலி வீதியில் நெரிசல் என்றால் நெரிசல், கொள்ளுப்பிட்டியைத் தாண்டுவதற்குள் உயிர் போய்விடும். போய்ச் சேர்ந்தால் நாற்பத்தெட்டுப் படி. இவர் கைபிடியைப் பிடித்து, ஒவ்வொரு தட்டிலும் நின்று மூச்சு வாங்கி ஏறுவார். மூன்று மணிக்கெல்லாம் அக்காவே, "வெளிக்கிடுங்கோ, பிந்தினா ரோட்டில கிடந்து சாகவேணும்" என்று எழுப்பிவிடுவாள். திரும்ப நாற்பத்தெட்டு இறங்குவார். அக்காவோடு நின்றிருந்தால் ஒருதரம் ஏறிப் பத்து நாள் கழித்து இறங்கியிருப்பார். இருபது வருடம் கணக்குப் படிப்பித்தவள் நான். இந்தக் கணக்கு மட்டும் எனக்கு ஓடவில்லை!

முன் ஹோலில் ஒரு மடக்குக் கட்டில் சுவரோடு சாய்ந்து கிடந்தது. "இதிலயோ படுக்கிறாய்?" என்று கேட்டேன். "உள்ளுக்கு ஒரே வெக்கை. இங்கதான் காத்து வரும்" என்றாள். அறைக் கதவு எப்போதும் சாத்தியிருந்தது. நான் குசினிப் பக்கத்துக் கழிப்பறைக்குப் போய் வந்தேன். இவர் குந்த முடியாததால் தேத்தண்ணியைக் குறைத்துச் சமாளித்தார்.

ஐந்தாம் நாள் சமாளிக்க முடியவில்லை. "இஞ்சரும், ஹோட்டலுக்குப் போவம், அவசரம்" என்று என் காதில் சொன்னார். அக்காவுக்குக் கேட்டுவிட்டது. எழும்பிப் போய் அறைக் கதவைத் திறந்தாள்.

உள்ளே இரண்டு கட்டில்கள். இவர் சிரமமில்லாமல் எழும்பட்டும் என்று ஒன்றின் கால்களுக்குக் கீழே மரக்கட்டை வைத்து உயர்த்தியிருந்தது. ஒரு மடிப்புக் கசங்காத புது விரிப்பு. குளியலறையில் புதுக் கொமட், பக்கத்துச் சுவரில் பிடித்து எழும்ப இரும்புக் கம்பி. கம்பியைச் சுற்றிய பிளாஸ்ரிக் உறைகூட இன்னும் கழற்றவில்லை.

இவர் உள்ளே போனதும் நான் அக்காவைப் பார்த்தேன். அவள் ஜன்னல் திரையைச் சரிசெய்துகொண்டு நின்றாள்.

"ஏனக்கா எனக்குச் சொல்லேல்லை?"

"உனக்கு என்னத்தைச் சொல்லுறது? நீ என்ன வெளியாளோ?"

"நாளைக்குப் பெட்டியோட வாறம்."

"சும்மா இரு. அவருக்கு அங்க கடல் காத்து நல்லது. ஏன் போட்டு அலைக்கழிக்கிறாய்?"

இன்னும் ஐந்து நாள் இருந்தது. இல்லை, வாறம் என்று ஒரு முறை அடித்துச் சொல்லியிருக்கலாம். பெட்டியோடு போய் நின்றிருந்தால் துரத்தியா விட்டிருப்பாள்? என் பிழையை ஒத்துக்கொள்ள எனக்கு வாய் வராது, அது பிறவிக் குணம். "அப்ப அடுத்த முறை இங்கதான் நிப்பம்" என்றேன். "ம்" என்றாள்.

அடுத்த முறை போனது ஏழு மாதம் கழித்து. அக்காவின் செத்தவீட்டுக்குப் போய்ச் சேர முடியவில்லை. முப்பத்தோராம் நாள் காரியத்துக்குத்தான் போனோம். நான் எந்த ஹோட்டலுக்கும் ரெலிபோன் எடுக்கவில்லை. விமான நிலையத்திலிருந்து நேரே கொட்டாஞ்சேனைக்குப் போனோம். இவர் ஒரு முறை மட்டும் நாற்பத்தெட்டும் ஏறினார்.

திறப்பை வைத்திருந்த பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் கதவைத் திறந்துவிட்டது. அறை அப்படியே இருந்தது. அதே விரிப்பு, அதே மடிப்பு.

"அக்கா இதுக்குள்ள படுக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"இல்லை அன்ரி. நீங்கள் போன பிறகும் ஹோலிலதான் படுத்தவ. முதுகு நோகுது எண்டு சொல்லுவா. உள்ளுக்குப் போய்ப் படுங்கோவன் எண்டு நான் எத்தினை தரம் சொன்னனான். 'தங்கச்சி அடுத்த முறை இங்கதான் நிப்பன் எண்டு சொல்லிட்டுப் போனவள், விரிப்புக் கசங்கிப்போம்' எண்டுவா."

இவர் உயர்த்தி வைத்த கட்டிலில் மெல்ல இருந்து, அப்படியே சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் ஹோலுக்கு வந்தேன். ஜன்னல்கள் இரண்டும் திறந்துதான் இருந்தன. மடக்குக் கட்டிலை விரித்து அதில் படுத்தேன். நடுக் கம்பி முதுகில் குத்தியது. அங்கே காற்று வரவே இல்லை.