பூட்டியதைச் சொல்லும் வளையல்

நகைக்கடைகளுக்குத் திருகாணியும் கொக்கியும் செய்து கொடுப்பது அவள் தொழில். அவள் வைத்த கொக்கி அவிழ்ந்துவிட்டது என்று யாரும் வந்து நின்றதில்லை. தன் வீட்டுக் கதவு விஷயத்தில்தான் அவளுக்குத் தன் கை மேலேயே நம்பிக்கை கிடையாது. தெருமுனை வரை போவாள், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள், மறுபடி போவாள். புருஷன் வைத்த பெயர் பூட்டம்மா. ஒரு விடுமுறை முடிந்து மகள் கல்லூரிக்குக் கிளம்பிய அன்று, பூட்டைப் பார்க்கப் பாதி வழியில் வண்டியைத் திருப்பச் சொன்னாள். ரயில் போய்விட்டது.

“அடுத்த தடவை நீ ஸ்டேஷனுக்கு வர வேணாம்மா. பூட்டைக் கட்டிக்கிட்டு இங்கயே உக்காரு,” என்றாள் மகள்.

மகள் அப்படிச் சொன்ன பிறகு அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவளுடைய அம்மா, மறக்கக் கூடாத காரியம் இருந்தால் கைக்குட்டை முனையில் முடிச்சுப் போட்டுக்கொள்வாள். அதை வெள்ளியில் செய்தால் என்ன? பூட்டியதும் முகப்பைப் புரட்டிவிட ஒரு மோதிரம் செய்தாள். இரண்டே நாளில் அது பல்லிளித்தது. புரட்டித்தான் இருக்கிறது, இன்று புரட்டியதா, நேற்றையதா? காரியம் முடிந்ததும் அம்மா முடிச்சை அவிழ்த்துவிடுவாள் என்பது அப்போதுதான் உறைத்தது. அவிழாத முடிச்சு எதையும் ஞாபகப்படுத்துவதில்லை.

பிறகு வளையல். பூட்டியதும் அதன் மேலிருக்கும் சின்னக் குண்டைத் தள்ளினால் பள்ளத்தில் போய் உட்காரும். வீடு திரும்பி வளையலைக் கழற்றினால், உள்ளே இருக்கும் சுருள்கம்பி குண்டைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிடும். வெள்ளிச் சுருள் துவண்டு போனது. எஃகுக் கம்பி வைத்தாள்.

“ஏன்டி, கதவை விட்டுட்டு வளையலை மட்டும் பூட்டிட்டுப் போனேன்னா?” என்றான் புருஷன்.

“முதல்ல உங்க வாய்க்கு ஒரு கொக்கி செய்யணும்.”

சொல்லிவிட்டாளே தவிர, கேள்வி முள்ளாக நின்றது.

அடுத்த விடுமுறை முடிந்தபோது அவளும் மகளும்தான் ஆட்டோவில் கிளம்பினார்கள். சாவியைத் திருப்பினாள், குண்டைத் தள்ளினாள். தெருமுனை தாண்டுவதற்குள் வளையலைப் பார்த்தாள். பாலத்தில் பார்த்தாள். சிக்னலில் பார்த்தாள். சாவியைத் திருப்பிய பிறகுதான் தள்ளினேனா?

“என்ன, திருப்பச் சொல்லவா?” மகள் குத்தலாகக் கேட்டாள்.

“வேணாம். நீங்க ஓட்டுங்கண்ணே.”

ரயில் கிடைத்தது; மகள் ஏறினாள்; ரயிலும் நகர்ந்தது. கொஞ்ச நேரத்தில் செல்போன் அடித்தது.

“நான் ஜன்னல்ல கையாட்டிட்டே இருக்கேன், நீ உன் கையையே பாத்துட்டு நிக்கிற!”

அவள் வளையல் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“பூட்டியிருக்கும்மா. கிளம்புறப்பவே நான் இழுத்துப் பாத்துட்டேன்.”

“அப்பவே சொல்லக் கூடாதாடி?”

“சொன்னா நம்பிடுவியாக்கும்!”

இப்போது அந்த வளையலைப் பிரித்துப் போட்டிருக்கிறாள். குண்டை உட்பக்கம் வைக்கப் போகிறாளாம். பூட்டியிருந்தால் மணிக்கட்டில் உறுத்தும். குனிந்து பார்க்க வேண்டாம். எவ்வளவு உறுத்தினால் தன் மனம் நம்பும் என்பதுதான் பிடிபடவில்லை. அரத்தால் கொஞ்சம் ராவுகிறாள், போட்டுப் பார்க்கிறாள், கழற்றி மறுபடி ராவுகிறாள். மகளின் விடுமுறை நெருங்கிக்கொண்டிருக்கிறது.